பெயர் மாற்றம்: கெசட் போட்ட பிறகு எதை முதலில் மாற்றுவது?

கரிசல்காட்டுப் பொண்ணு

எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் போதும்பொண்ணு. பட்டப்பெயர் இல்லை, பள்ளிச் சான்றிதழ், ஆதார், பான் எல்லாவற்றிலும் இருக்கும் பெயரே இதுதான். வீட்டில் நான் நாலாவது பெண். போதும் என்று தாத்தா வைத்துவிட்டார். எனக்கு அடுத்து தம்பி பிறந்ததால் "பாத்தியா, பேரு வச்ச ராசி" என்று ஊரில் இன்னும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்காது.

ஊரில் இருக்கும் வரை இது எனக்கு ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை, ஏனென்றால் எங்கள் வகுப்பிலேயே இன்னொரு போதும்பொண்ணு இருந்தாள். சென்னைக்கு வேலைக்கு வந்த பிறகுதான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் யாராவது அர்த்தம் கேட்பதும், நான் சொல்வதும், அதன் பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் அமைதியாவதும் என்று ஆகிவிட்டது. எனக்கு 26 வயது. யாழினி என்று மாற்றிக்கொள்ள முடிவு செய்துவிட்டேன். அப்பா சரி என்று சொல்லிவிட்டார். அம்மாதான் முகம் கொடுத்துப் பேசவில்லை, அது வேறு கதை.

என் கேள்விகள் இவைதான். கெசட் மட்டும் போட்டால் போதுமா, கோர்ட்டுக்குப் போக வேண்டுமா? பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி எல்லாவற்றையும் மாற்றியாக வேண்டுமா? ஆதார், பான், பாங்க், பி.எஃப். இதில் எது முதல்? பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லை, அடுத்த வருஷம் கம்பெனியில் வெளிநாடு அனுப்பலாம் என்று பேச்சு இருக்கிறது. வீட்டில் வரனும் பார்க்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு புரோக்கர் "எட்டாயிரம் கொடு, எல்லாத்தையும் நான் பார்த்துக்கிறேன்" என்கிறார். கொடுக்கலாமா?

பச்சை மை

கொடுக்காதீர்கள். எட்டாயிரத்துக்கு அங்கே வேலையே இல்லை. அரசுக்குக் கட்ட வேண்டியது சில நூறு ரூபாய்தான், மீதியெல்லாம் அவர் படிவத்தை நிரப்பும் கூலி. அதில் எழுத்துப்பிழை விட்டால் அவதிப்படப் போவது நீங்கள்.

நான் 2021இல் மாற்றினேன், அதனால் முழுசாகச் சொல்கிறேன். கோர்ட் வேண்டாம். இந்தியாவில் பெயர் மாற்றத்துக்கு என்று தனியாக ஒரு சட்டம் கிடையாது. நம் பெயரை நாமே மாற்றிக்கொள்கிறோம், அதை ஊரறிய அறிவிப்பதுதான் கெசட், அதாவது தமிழ்நாடு அரசிதழ். எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறையின் தளத்தில் பெயர் மாற்றப் படிவம் இருக்கிறது. அலுவலகம் சென்னையில் அண்ணா சாலை 110ஆம் எண். தபாலிலும் அனுப்பலாம், ஆனால் நீங்கள் சென்னையிலேயே இருப்பதால் ஒரு நாள் லீவு போட்டு நேரில் போய்விடுங்கள், ஏதாவது குறை இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவார்கள்.

படிவத்தில் பழைய பெயர், புதிய பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, எதற்காக மாற்றுகிறீர்கள் என்ற காரணம் எல்லாம் கேட்பார்கள். காரணத்தில் கதை எழுத வேண்டாம், "பெயர் பிடிக்கவில்லை" என்ற ஒரு வரி போதும். (போதும் என்று எழுதியதற்கு மன்னிக்கவும்!) போட்டோ ஒட்டி, பிறப்புச் சான்றிதழ் அல்லது பள்ளிச் சான்றிதழ் நகல் வைத்து, நோட்டரியிடமோ பச்சை மையில் கையெழுத்துப் போடும் அதிகாரியிடமோ சான்றொப்பம் வாங்க வேண்டும். எனக்கு இந்தப் பச்சை மைக்குத்தான் மூன்று நாள் அலைச்சல். எங்கள் ஊர் அரசுக் கல்லூரியில் ஒரு பேராசிரியர் போட்டுக் கொடுத்தார், நல்ல மனுஷன்.

கெசட் புதன்கிழமைதோறும் வரும். தனிநபர் அறிவிப்புகள் ஆறாம் பகுதி, நாலாம் பிரிவில் இருக்கும். எனக்கு ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. இன்னார், இன்னாருடைய மகள், இந்தத் தேதியில் பிறந்தவள், சொந்த மாவட்டம் இது, இந்த முகவரியில் வசிக்கும் நான் இனி இந்தப் பெயரால் அறியப்படுவேன் என்று ஒரே ஒரு பத்தி, அதுவும் ஆங்கிலத்தில். இத்தனை அலைச்சலும் அந்த நாலு வரிக்குத்தான். வந்ததும் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பிறந்த தேதி, அப்பா பெயர், கதவு எண் வரைக்கும். தப்பு இருந்தால் ஆறப்போடாமல் அன்றைக்கே போய்த் திருத்தம் கேளுங்கள். அது சரியாகாமல் ஆதார் பக்கம் போகவே கூடாது.

இன்னொன்று. அந்தப் பக்கத்தின் தலையிலேயே, இந்த அறிவிப்புகளை வெளியிடுவதால் அரசுக்கு எந்தச் சட்டப் பொறுப்பும் இல்லை, விளைவுகளுக்கு அறிவிப்பவரே பொறுப்பு என்று அச்சடித்திருப்பார்கள். முதலில் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது. எல்லாருக்கும் அதேதான், பயப்பட வேண்டாம்.

ஜெராக்ஸ் கடை

மேலே அண்ணன் கெசட்டைச் சொல்லிவிட்டார், மீதியை நான் சொல்கிறேன். பதினோரு வருஷமாக ஜெராக்ஸ், பிரவுசிங், ஆன்லைன் விண்ணப்பம் என்று கடை நடத்துகிறேன். பெயர் மாற்றத்தில் ஆட்கள் சிக்கிக்கொள்வது கெசட்டில் இல்லை, அதற்குப் பிறகு அவசரப்பட்டு எல்லா இடத்திலும் ஒரே வாரத்தில் கொடுத்து, ஒன்று மாறி ஒன்று மாறாமல் தொங்குவதில்தான்.

முதலில் ஆதார். மற்ற எல்லோரும் ஆதாரைத்தான் பார்ப்பார்கள். மையத்துக்கு நேரில் போங்கள், கெசட்டின் அசலையும் பழைய பெயரில் இருக்கும் ஒரு அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள். கட்டணம் முன்பு 50 ரூபாய், 2025 அக்டோபரிலிருந்து 75. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் சாதாரணமாக மாற்ற முடியும். ஏற்கெனவே ஒரு தடவை இனிஷியல் திருத்தியிருந்தால் உங்கள் கணக்கில் ஒன்றுதான் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் என்றால் மண்டல அலுவலகம், மெயில், காத்திருப்பு.

இது ரொம்ப முக்கியம் தங்கச்சி, ஆதாரில் பெயர் இரண்டு வரியில் இருக்கும், ஆங்கிலம் ஒன்று, தமிழ் ஒன்று. ஆபரேட்டர் ஆங்கிலத்தில் அடித்ததும் தமிழ் வரி தானாக வந்து உட்காரும். அந்த மெஷினுக்கு ழகரம் எல்லாம் தெரியாது. யாழினி என்பது யாளினி, யாஜினி, யாஸ்கினி என்று என்ன வேண்டுமானாலும் ஆகலாம். நாங்கள் "செல்வி" என்பது "சேல்வி" ஆனதை எல்லாம் பார்த்திருக்கிறோம். திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி இரண்டு வரியையும் படித்துவிட்டுத்தான் சரி என்று சொல்ல வேண்டும். ஒப்புகைச் சீட்டு கையில் வந்ததும் அங்கேயே நின்று இன்னொரு தடவை படியுங்கள்.

ஆதார் மாறி புதுசை டவுன்லோட் செய்த பிறகு பான். நம்பர் மாறாது, பெயர் மட்டும் மாறும், திருத்தப் படிவத்துக்கு நேற்று வரை நான் வாங்கியது 107 ரூபாய் கட்டணம், கார்டு வீட்டுக்கு வந்துவிடும். ஆதாரில் எப்படியோ அப்படியே, ஒரு எழுத்து, ஒரு இடைவெளி கூட மாறாமல். அதற்குப் பிறகு பாங்க். பானும் பாங்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வருமான வரி ரீஃபண்ட் வருவது சிக்கும். அப்புறம் பி.எஃப். உங்கள் யு.ஏ.என்., அதாவது பி.எஃப். கணக்குக்கான எண், 2017 அக்டோபருக்குப் பிறகு ஆதாரை வைத்து உருவானது என்றால், 2025 ஜனவரியில் வந்த மாற்றத்தின்படி பெயர் போன்றவற்றை உறுப்பினரே ஆன்லைனில் திருத்தலாம். ஆனாலும் கம்பெனி எச்.ஆருக்குக் கெசட் நகலோடு ஒரு மெயில் முதலிலேயே தட்டிவிடுங்கள். சம்பள ரசீது ஒரு பெயரிலும் பி.எஃப். ஒரு பெயரிலும் ஓடினால் வேலை மாறும்போது தலைவலி.

வாக்காளர் அட்டைக்குப் படிவம் 8. லைசென்ஸ், ரேஷன் கார்டு எல்லாம் நிதானமாகச் செய்யலாம், ஓடிப்போகாது.

பழைய ஆதார், பழைய பான், இரண்டையும் மாற்றுவதற்கு முன் கலரில் ஸ்கேன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பழைய பெயருக்கு ஆதாரம் கேட்கும்போது எல்லோரும் என் கடைக்கு வந்து "அண்ணா உங்க கம்ப்யூட்டர்ல இருக்குமா" என்கிறார்கள். இருக்காது, நான் தினமும் அழித்துவிடுவேன்.

கரிசல்காட்டுப் பொண்ணு

ரொம்ப நன்றி அண்ணா, பச்சை மை சார் உங்களுக்கும். இவ்வளவு விவரமாக யாராவது சொல்வார்கள் என்று நினைக்கவே இல்லை.

படிவத்தை டவுன்லோட் செய்துவிட்டேன். புதிய பெயர் என்ற கட்டத்திலேயே நின்றுவிட்டேன். "மு. யாழினி" என்று இனிஷியலோடு போடுவதா, வெறும் யாழினியா, அல்லது அப்பா பெயரையும் சேர்த்து முழுசாகவா? ஆங்கிலத்தில் ழகரத்துக்கு இசட்-எச் போடுவதா எல் போடுவதா என்பதிலும் குழப்பம். அப்புறம் சான்றிதழ்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே.

ஷார்ஜா சண்முகம்

இனிஷியல் விஷயத்தில் நான் பட்டதை நீங்கள் படக்கூடாது.

நம் ஊரில் குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. சாதிப் பெயரை வால் மாதிரி ஒட்டிக்கொள்ள வேண்டாம் என்று 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான பேர் அதைக் கேட்டோம், நல்ல விஷயம். மிஞ்சியது நம் பெயரும் அப்பாவின் முதல் எழுத்தும். ஆனால் உலகத்தில் மற்ற எல்லா படிவத்திலும் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறதே. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரிக்கச் சொல்வார்கள். பான் படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம், அங்கேயும் ஒற்றை எழுத்து செல்லாது. நான் அந்தக் காலத்தில் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன், வெறும் சண்முகம் மட்டும். 2022 நவம்பரிலிருந்து அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசா கிடையாது என்று சொல்லிவிட்டது. அதே மாதிரி பாஸ்போர்ட் வைத்திருந்த என் மனைவியைக் கூட்டிவர டிக்கெட் எடுத்து, ரத்து செய்து, பாஸ்போர்ட்டை மறுபடி எடுத்து, ஆறு மாதம் போனது. அமெரிக்க விசாவில் இப்படிப்பட்டவர்களுக்கு முதல் பெயர் தெரியாதவர் என்ற பொருளில் மூன்றெழுத்து போட்டு விடுவார்கள், என் நண்பனின் டிரைவிங் லைசென்ஸ் வரைக்கும் அதுவே அவன் பெயராக ஒட்டிக்கொண்டது.

அதனால் கெசட்டிலேயே "யாழினி" என்று உங்கள் பெயரும், பக்கத்தில் அப்பாவின் முழுப் பெயரும் போட்டுவிடுங்கள். பள்ளிச் சான்றிதழில் அப்பா பெயர் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில். தமிழில் எழுதும்போது நீங்கள் மு. யாழினி என்றே எழுதிக்கொள்ளலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ழகரம் உங்கள் இஷ்டம். இசட்-எச் போட்டால் தமிழன் சரியாகப் படிப்பான், வடக்கே "யாஸினி" என்பான். எல் போட்டால் உலகம் முழுக்க யாலினி. எதுவானாலும் ஒன்றை முடிவு செய்துவிட்டால் அப்புறம் மாற்றக்கூடாது, அவ்வளவுதான்.

எண் கணிதம் எட்டு

இசட்-எச் வேண்டாம் சகோதரி. கூட்டு எண் சரியாக வரவில்லை. இரண்டு ஏ, இரண்டு என் போட்டால் நன்றாக வரும். ஜெயலலிதா அம்மையாரே 2001இல் பெயரில் ஒரு ஏ கூடுதலாகச் சேர்த்துக்கொண்டார்கள், தெரியுமா? பிறந்த தேதி, நேரம் தனிச் செய்தியில் அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன்.

ஜெராக்ஸ் கடை

அண்ணே, நீங்கள் பாட்டுக்கு இரண்டு ஏ, இரண்டு என் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். ஒரு அலுவலகத்தில் ஒரு என் விட்டுப்போனால் அலைவது அந்தப் பொண்ணு. இரட்டை எழுத்துப் போட்டவர்கள்தான் என் கடைக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்கள், வியாபாரத்துக்கு நல்லதுதான், ஆனாலும் சொல்கிறேன்.

பத்திரம் பழனிச்சாமி

பத்திர எழுத்தராக முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். சொத்துப் பக்கம் யாரும் பேசவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மகளே, உன் பெயரில் ஏதாவது நிலம், வீட்டுமனை, நகைக்கடன், இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று முதலில் வீட்டில் கேட்டுக்கொள். பல வீடுகளில் பாட்டி பேத்தி பெயருக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள், பேத்திக்கே தெரியாது. பதிவான பழைய பத்திரத்தில் பெயரை மாற்ற நினைக்க வேண்டாம், அது அந்த நாளில் உன் பெயர் என்னவோ அப்படியே இருக்கட்டும். நாளைக்கு விற்கும்போதோ வேறு ஆவணம் எழுதும்போதோ "போதும்பொண்ணு என்கிற யாழினி" என்று எழுதி, எந்தத் தேதி கெசட், எந்தப் பக்கம் என்பதையும் ஆவணத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். இந்த "என்கிற" என்ற ஒரு சொல்லை வைத்துத்தான் தமிழ்நாட்டில் பாதிச் சொத்து கைமாறுகிறது.

அடுத்தது வாரிசுச் சான்றிதழ். பெற்றவர்கள் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும், ஆனாலும் சொல்ல வேண்டியது என் கடமை. ரேஷன் கார்டில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர் என்றால் தாலுகா அலுவலகத்தில் இருவரும் ஒருவரே என்று சான்று கேட்பார்கள். அண்ணன் தம்பி அக்கா தங்கைக்குள் சுமுகமாக இருந்தால் ஒரு வாரத்தில் முடியும். அப்பாவின் ரேஷன் கார்டில் பெயரை மாற்றிவிட்டால் அந்தத் தொல்லையே வராது. ரேஷன் கார்டுதானே என்று விட்டுவிடாதே.

கெசட் புத்தகத்தில் நாலு நகலாவது வாங்கி வை. லேமினேஷன் போடாதே.

பெயர் மாற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நாராயணசாமியாகப் பிறந்தவர்தான் நெடுஞ்செழியன், ராமையாவாகப் பிறந்தவர்தான் அன்பழகன். இரண்டு பேரும் இந்த மாநிலத்தில் அமைச்சர்களாக இருந்தவர்கள்.

டீச்சர் அம்மா

இந்தத் திரியைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் பெயரும் போதும்பொண்ணுதான் மா. 58 வயது, ஓய்வு பெறும் நிலையில் இருக்கும் ஆசிரியை.

நான் மாற்றவில்லை. மாற்றலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை என்பதுதான் நிஜம். தெரிந்த வயதில் வேலைக்குப் போய்விட்டேன், பிள்ளைகள் எல்லாம் "போதும் டீச்சர்" என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பாடம் நடத்தும்போது பின்பெஞ்சுப் பையன்கள் "போதும் டீச்சர், போதும் டீச்சர்" என்று கத்துவார்கள், பெயரைச் சொல்கிறார்களா பாடத்தை நிறுத்தச் சொல்கிறார்களா என்று கண்டுபிடிக்க முடியாது. நானும் சிரித்துவிடுவேன். அதனால் மாற்றாதே என்று உனக்குச் சொல்ல வரவில்லை. உன் இஷ்டம்.

சொல்ல வந்தது வேறு. என் பணிப் பதிவேட்டில் "போதும்பொண்ணு" என்றும், பிறகு வந்த ஒரு எழுத்தர் சுத்தத் தமிழில் எழுதுகிறேன் என்று "போதும்பெண்" என்றும் இரண்டு விதமாக எழுதி வைத்திருந்தார்கள். ஓய்வூதியக் கோப்பு போடும்போதுதான் தெரிந்தது. இரண்டும் ஒருவரே என்று சான்று, உறுதிமொழிப் பத்திரம் எல்லாம் கொடுத்து நாலு மாதம் ஆனது. பெயரை மாற்றாதவளுக்கே இந்தக் கதி. அதனால் இவர்கள் எல்லாம் எழுத்துக்கு எழுத்து பார் என்று சொல்வதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதே.

பள்ளிச் சான்றிதழ் பற்றிக் கேட்டிருந்தாய். பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் பட்டியல் நீ படித்து முடித்த அன்றைக்கு உன் பெயர் என்ன என்பதற்கான ஆவணம். இப்போது பெயர் மாற்றினாய் என்பதற்காக அதைத் திருத்த அலைய வேண்டாம். சான்றிதழோடு கெசட்டைச் சேர்த்துக் காட்டினால் போதும், வேலைக்குச் சேரும் இடங்களில் இதுதான் நடைமுறை. எழுத்துப்பிழை என்றால் வேறு, அதற்குப் பள்ளி வழியாகத் தேர்வுத் துறைக்கு எழுதலாம். பெயர் மாற்றமும் பெயர்த் திருத்தமும் ஒன்றல்ல, பல பேர் இதைக் குழப்பிக்கொண்டு திருத்தத்தில் முடிய வேண்டியதற்குக் கெசட் போட்டுவிட்டு நிற்கிறார்கள்.

எட்டாம் வகுப்பு அம்மா

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மகன் எட்டாவது படிக்கிறான், அவன் அப்பா வீட்டில் வைத்த பெயர் அவனுக்குப் பிடிக்கவில்லை. அவனே கெசட் போட முடியுமா, 18 வரை காத்திருக்க வேண்டுமா?

டீச்சர் அம்மா

காத்திருக்கவே கூடாது மா. மைனர் என்றால் பெற்றோர் போடலாம், "என் மகன் இனி இந்தப் பெயரால் அறியப்படுவான்" என்று வரும். கெசட் வந்ததும் தலைமை ஆசிரியரிடம் கொடுத்துப் பள்ளிப் பதிவேட்டில் மாற்றிவிடுங்கள். பத்தாவது பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் போவதற்கு முன் முடிந்துவிட வேண்டும். நாமினல் ரோல் போய்விட்டால் அப்புறம் அந்தப் பெயர்தான் மதிப்பெண் பட்டியலில் அச்சாகும். ஒன்பதாவதிலேயே முடித்துவிடுங்கள். அவனிடமும் ஒரு தடவை உட்கார்ந்து பேசுங்கள், எட்டாவது பையன்கள் ஆறு மாதத்துக்கு ஒரு ஹீரோ மாறுவார்கள்.

பச்சை மை

மாநிலப் பாடத்திட்டத்துக்கு டீச்சர் அம்மா சொன்னது. சி.பி.எஸ்.இ. என்றால் கொஞ்சம் வித்தியாசம். முன்பு முடிவு வந்த பிறகு பெயர் மாற்றமே முடியாது என்று பிடிவாதமாக இருந்தார்கள். 2021 ஜூன் 3இல் உச்ச நீதிமன்றம், பெயர் என்பது ஒருவருடைய கருத்துரிமையில் சேர்ந்தது, அதனால் பெயரை மாற்றித் தர வழி வைக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. கெசட் இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் முன்கூட்டியே செய்வதுதான் எப்போதும் சுலபம்.

கரிசல் பொண்ணுக்கு இரண்டு விஷயம் விட்டுவிட்டேன். கெசட்டால் பெயர் மட்டும்தான் மாறும். பிறந்த தேதியை இதோடு சேர்த்து மாற்றலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட்டைக் கடைசியில், எல்லாம் புதிய பெயருக்கு வந்த பிறகு எடுங்கள். முதல் பாஸ்போர்ட் என்பதால் உங்களுக்கு வசதி, மறுவெளியீடு என்ற தொல்லை இல்லை. படிவத்தில் எப்போதாவது பெயர் மாற்றியிருக்கிறீர்களா என்று ஒரு கேள்வி வரும். ஆமாம் என்று போட்டு பழைய பெயரை எழுதிவிடுங்கள். பத்தாவது சான்றிதழில் பழைய பெயர் இருக்கும்போது மறைப்பதில் பிரயோஜனம் இல்லை.

வரன் பார்க்கிறார்கள் என்றால் திருமணத்துக்கு முன்பே ஆதாராவது மாறிவிடட்டும். 2009ஆம் வருஷச் சட்டப்படி திருமணத்தைத் தொண்ணூறு நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பழைய பெயரில் பதிவாகிவிட்டால் அது இன்னொரு "என்கிற".

கரிசல்காட்டுப் பொண்ணு

இரண்டரை மாதம் கழித்து வருகிறேன், எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

கெசட் வந்துவிட்டது. படிவத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன், கவுன்ட்டரில் இருந்த அம்மா பழைய பெயரைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், "எங்க அத்தை பேரும் இதான்" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமைதோறும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு மேலே மூன்று பேர் எண் கணிதக்காரர்கள் போல, ஒரே பெயரில் ஒரு எழுத்து மட்டும் கூடியிருந்தது. சண்முகம் அண்ணன் சொன்னபடி அப்பா பெயரைச் சேர்த்துவிட்டேன். இசட்-எச்தான் போட்டேன்.

ஆதாரில் ஜெராக்ஸ் கடை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. தமிழ் வரியில் "யாஜினி". திரும்பச் சொல்லி அடிக்க வைத்தேன், பின்னால் வரிசையில் நின்றவர்கள் முறைத்தார்கள், பரவாயில்லை. பானும் வந்துவிட்டது. பாங்க்கில் மட்டும், எந்த பாங்க் என்று சொல்லவில்லை, கெசட் என்றால் என்ன என்பதையே நான் விளக்க வேண்டியிருந்தது. இரண்டு தடவை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது தடவை மேனேஜரே வாங்கிக்கொண்டார். பி.எஃப். இன்னும் நிலுவையில் இருக்கிறது. பத்திரம் ஐயா சொன்னதைக் கேட்டு வீட்டில் விசாரித்தேன், நிஜமாகவே அப்பத்தா என் பெயருக்கு நாற்பது சென்ட் எழுதி வைத்திருக்கிறது! அக்காமார்களுக்கும் அப்போதுதான் தெரியும். அதுபற்றி இங்கே எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன்.

அம்மா இப்போது பேசுகிறது. யாழினி என்று கூப்பிட வரவில்லை, "ஏ புள்ள" என்றுதான்.

ஒரே ஒரு சந்தேகம் பாக்கி. பாங்க்கில் கையெழுத்தும் புதுசாகக் கொடுத்துவிட்டேன். ஆனால் வீட்டு ஓனருக்கு அட்வான்ஸுக்காகப் பழைய கையெழுத்தில் ஒரு செக் கொடுத்திருக்கிறேன், அடுத்த மாதத் தேதி போட்டது. அது என்ன ஆகும்?

ஜெராக்ஸ் கடை

கையெழுத்து சேரவில்லை என்று திரும்பிவிடும், உங்களுக்கு அபராதமும் போடுவார்கள், ஓனரிடம் பெயரும் கெடும். இன்றைக்கே போய் அந்தச் செக்கைத் திருப்பி வாங்குங்கள், புதிய பெயர் போட்ட செக் புக் வரும் வரை ஆன்லைனில் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்றும் அப்படியே பார்த்துவிட்டு வாருங்கள்.